திரை தின்னும் மின்சாரம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"பேட்டரி நிக்கவே மாட்டேங்குது, புதுசு மாத்திடலாமா?" என்று கேட்டபடி என் கையில் ஃபோனைக் கொடுப்பவர்கள் நிறைய பேர். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். திரைதான் தேவைக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும். லேப்டாப், மானிட்டர், டிவி எல்லாவற்றிலும் இதே கதைதான். வெளிச்சம் குறைய வேண்டிய நேரத்தில் குறைவதில்லை, அணைய வேண்டிய நேரத்தில் அணைவதில்லை. தடுப்பது ஏதோ ஒரு செட்டிங், அல்லது ஏதோ ஒரு ஆப். அதைக் கண்டுபிடிப்பதற்கான குறிப்புகளே இவை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் கீழே உள்ள சோதனையை மட்டும் முதலில் செய்துவிடுங்கள்.

## எதற்கும் முன்: உங்கள் திரை எந்த வகை?

எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரியும். படம் கறுப்பாக இருந்தாலும் அந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓஎல்இடி, அமோலெட் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்புப் புள்ளி அணைந்தே இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் செட்டிங்கை மாற்றினால் பாதி வேலை வீண்.

அறையை முழுவதும் இருட்டாக்குங்கள். முழுக்கக் கறுப்பான ஒரு படத்தைத் திரை நிறையத் திறந்து, வெளிச்சத்தை உச்சத்தில் வையுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் விடுங்கள். திரையின் செவ்வகம் சாம்பல் பூத்தது போல மங்கலாகத் தெரிந்தால் எல்சிடி. திரை எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஓஎல்இடி. "எல்இடி டிவி" என்று பெட்டியில் போட்டு விற்பவை எல்சிடிதான், பின்விளக்கு மட்டுமே எல்இடி. ஐஃபோனில் 2017ல் வந்த ஐஃபோன் டென் முதல் ஓஎல்இடி நுழைந்தது. ஆனால் அதற்குப் பின் வந்த டென்ஆர், 11 இரண்டும் எல்சிடி. ஆகவே புதிய ஃபோன் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

## அறிகுறி 1: ஃபோன் பேட்டரி பொழுது சாய்வதற்குள் தீர்கிறது

செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து எது எவ்வளவு எடுத்திருக்கிறது என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஆப்களின் பட்டியல், சிஸ்டத்தின் பட்டியல் என்று இரண்டு இருக்கும். திரை இரண்டாவதில்தான் வரும். அதில் திரை மேலே நின்றால் கீழே படியுங்கள். ஏதாவது ஒரு ஆப் மேலே நின்றால் பிரச்சினை அந்த ஆப்பில், இந்தக் குறிப்புகள் அதற்கு உதவாது.

### ஆட்டோ பிரைட்னஸ் அணைந்திருந்தால்

வெயிலில் ஒருமுறை திரை தெரியவில்லை என்று வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றியிருப்போம். ஆட்டோ அணைந்திருந்தால் இரவு இருட்டறையிலும் அதே உச்சம்தான் நிற்கும். ஆட்டோவைப் போட்டுவிட்டால் முடிந்தது. ஆண்ட்ராய்டில் டிஸ்ப்ளே பக்கத்தில் 'அடாப்டிவ் பிரைட்னஸ்' என்று இருக்கும். ஐஃபோனில் அது டிஸ்ப்ளே பக்கத்தில் இல்லை. அக்சஸிபிலிட்டி, அதற்குள் 'டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்', அதன் அடிவரை இறங்கினால் கடைசியில் 'ஆட்டோ பிரைட்னஸ்' இருக்கும். இவ்வளவு ஆழத்தில் இருப்பதால் ஐஃபோன் வைத்திருக்கும் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

போட்ட முதல் சில நாள் அதன் கணக்கு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காக மறுபடி அணைத்துவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு 9 முதல், நீங்கள் ஸ்லைடரை நகர்த்துவதைப் பார்த்து ஃபோன் கற்றுக்கொள்கிறது. இருட்டில் ஒருமுறை, அறை விளக்கில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை என்று உங்களுக்கு வேண்டிய அளவுக்கு நகர்த்தி விடுங்கள். சில நாளில் ஒத்துவரும்.

### ஆட்டோ போட்டும் எப்போதும் ஒரே வெளிச்சம் என்றால்

பெரியப்பாவின் ஃபோனில் இதைத்தான் பார்த்தேன். புது பேட்டரி போடுவது என்று முடிவே எடுத்துவிட்டார். ஆட்டோ போட்டுப் பார்த்தேன், ஜன்னலருகே கொண்டு போனாலும் திரை மங்கலாகவே நின்றது. அதனால்தான் அவர் ஆட்டோவை அணைத்துவிட்டு ஸ்லைடரை உச்சத்தில் வைத்துப் பழகியிருக்கிறார். ஃபோனை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. டெம்பர்ட் கிளாஸின் கறுப்பு ஓரம் ஒரு மில்லிமீட்டர் அளவு கீழே இறங்கி ஒட்டியிருந்தது. அந்த ஓரத்துக்கு அடியில், மேல் விளிம்பில் புள்ளி போல இருந்தது லைட் சென்சார். ஃபோனைப் பொறுத்தவரை உலகம் எப்போதும் இருட்டு. கிளாஸை உரித்து, சென்சார் உள்ள இடத்தில் கறுப்பு ஓரம் இல்லாத ஒன்றை ஒட்டினோம். பேட்டரி மாற்றத் தேவையே வரவில்லை.

ஆகவே இந்தக் கிளையில் செய்ய வேண்டிய வரிசை:

1. ஃபோனின் மேல் விளிம்பை மென்மையான துணியால் துடையுங்கள். வியர்வைப் படலமே போதும் சென்சாரைக் குழப்ப.
2. கேஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.
3. வேறொரு ஃபோனின் டார்ச்சை மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் திரை சட்டென்று பிரகாசமானால் சென்சார் வேலை செய்கிறது, மேலே இருப்பதுதான் மறைக்கிறது. சில மாடல்களில் சென்சார் திரைக்கு அடியில் இருக்கும், ஆகவே மேல் கால்பகுதி முழுவதும் டார்ச்சைக் காட்டிப் பாருங்கள்.
4. சாம்சங் கேலக்ஸி ஃபோன்கள் பலவற்றில் எண் அடிக்கும் இடத்தில் *#0*# என்று அடித்தால் சோதனைப் பட்டியல் வரும். அதில் சென்சார் பகுதியைத் தொட்டால் லைட் சென்சாரின் எண் ஓடுவது தெரியும். கையால் மூடினால் எண் விழ வேண்டும், விளக்கில் காட்டினால் ஏற வேண்டும்.
5. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எண் அசையவில்லை, டார்ச்சுக்கும் திரை அசையவில்லை என்றால் சென்சார் போயிருக்கிறது, அல்லது திரை மாற்றியபோது சரியாகப் பொருத்தவில்லை. இது சர்வீஸ் ஆளின் வேலை. அண்மையில் திரை மாற்றியிருந்தால் மாற்றியவரிடமே எடுத்துப் போங்கள்.

### ரெஃப்ரெஷ் ரேட் உச்சத்தில் நின்றால்

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே இது. 60, 90, 120 ஹெர்ட்ஸ் என்று டிஸ்ப்ளே பக்கத்தில் இருக்கும். செய்தி படிக்கவும் பேசவும் 60 தாராளம். ஆண்ட்ராய்டில் 'ஸ்டாண்டர்ட்' என்பதற்கு மாற்றுங்கள், அல்லது தானாக மாறும் வகை இருந்தால் அதில் விடுங்கள். 120 ஹெர்ட்ஸ் வரை போகும் ஐஃபோன்களில் அக்சஸிபிலிட்டிக்குள் 'மோஷன்' பகுதியில் 'லிமிட் ஃப்ரேம் ரேட்' போட்டால் 60ல் நிற்கும். விரலால் தள்ளும்போது முதல் நாள் சற்றுத் தடுக்குவது போலத் தோன்றும், இரண்டாம் நாள் கண் மறந்துவிடும்.

### ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே

மேசையில் கிடக்கும் ஃபோனில் மணி தெரிந்துகொண்டே இருந்தால் அது சும்மா தெரிவதில்லை. தேவை இல்லாதவர்கள் அணையுங்கள். முழுவதும் அணைக்க மனமில்லாவிட்டால், தொட்டால் மட்டும் சில நொடி தெரியும் வகையும் சில ஃபோன்களில் உண்டு.

### இதெல்லாம் செய்தும் அப்படியேதான் இருக்கிறது

பேட்டரியின் உடல்நிலையைப் பாருங்கள். ஐஃபோனில் 'பேட்டரி ஹெல்த்' பகுதியில் உச்சத் திறன் சதவீதமாகவே தெரியும். 80க்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம்.

திரை ஓரத்தில் மேலெழும்பி நிற்கிறதா, பின்மூடி பிரிந்து கோடு போல இடைவெளி தெரிகிறதா? அது பேட்டரி உப்பியதன் அறிகுறி. சார்ஜரை உடனே பிடுங்குங்கள், ஃபோனை அணையுங்கள். திரையை அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்கவே கூடாது, குத்தினால் தீப்பிடிக்கும். மேலே சொன்ன படிகள் எதையும் முயலாமல் நேரே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.

## அறிகுறி 2: ஃபோன் திரை தானாக அணைவதில்லை

முதலில் அணையும் நேரத்தைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் 'ஸ்க்ரீன் டைம்அவுட்', ஐஃபோனில் 'ஆட்டோ லாக்'. யாராவது வீடியோவோ சமையல் குறிப்போ பார்க்கும்போது பத்து நிமிடம், அல்லது ஐஃபோனில் 'நெவர்' என்று வைத்து அப்படியே விட்டிருப்பார்கள். 30 நொடி போதும்.

சார்ஜில் இருக்கும்போது மட்டும் அணையவில்லை என்றால்: ஆண்ட்ராய்டின் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறந்திருக்கிறதா பாருங்கள். அதில் 'ஸ்டே அவேக்' என்று ஒன்று உண்டு. அது போட்டிருந்தால் சார்ஜரில் இருக்கும் வரை திரை அணையவே அணையாது. இரவு முழுவதும் சார்ஜில் போடுபவர் என்றால் விடிய விடிய எரியும், ஓஎல்இடி என்றால் அதே படம் நின்று திரையில் தழும்பும் விழும். ஒரே தொடுதலில் தீர்வது இது.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அணையவில்லை என்றால்: முகத்தைக் கவனித்துத் திரையை விழிக்க வைக்கும் வசதி போட்டிருக்கிறது. இது கோளாறு இல்லை, விட்டுவிடலாம்.

குறிப்பிட்ட ஆப் திறந்திருக்கும்போது மட்டும்: வழிகாட்டும் மேப், வீடியோ, சில விளையாட்டுகள் திரையை அணையவிடாமல் பிடித்து வைக்கும். வேலை முடிந்ததும் ஆப்பை மூடுங்கள். வழி காட்டும்போது குரல் போதும் என்றால் பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம்.

நேரத்தை மாற்றவே முடியவில்லை, சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்றால்: ஐஃபோனில் 'லோ பவர் மோட்' ஓடும்போது 30 நொடியில் பூட்டிவிடும், அதை அணைத்தால் மாற்றலாம். அலுவலகம் கொடுத்த ஃபோன் என்றால் அவர்கள் பூட்டி வைத்திருக்கலாம், அவர்களின் கணினிப் பிரிவைத்தான் கேட்க வேண்டும்.

## அறிகுறி 3: பையிலோ பாக்கெட்டிலோ திரை தானாக எரிகிறது

எடுக்கும்போது ஃபோன் சூடாக இருக்கும், சில சமயம் யாருக்கோ அழைப்பும் போயிருக்கும். ஃபோனைத் தூக்கினாலோ தட்டினாலோ திரையை எரியவைக்கும் 'லிஃப்ட் டு வேக்', 'டபுள் டேப்', ஐஃபோனில் 'ரெய்ஸ் டு வேக்' ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து ஒருநாள் பாருங்கள். சாம்சங்கில் தவறுதலான தொடுதலைத் தடுக்கும் வசதி ஒன்று டிஸ்ப்ளே பக்கத்திலேயே உண்டு, அதைப் போடுங்கள். அடுத்த சந்தேகம் நோட்டிஃபிகேஷன். ஒவ்வொரு குழுச் செய்திக்கும் திரை விழித்தால் நாளொன்றுக்கு எத்தனை விழிப்பு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். குழுக்களை மியூட் செய்வதைவிட எளிய பேட்டரி மிச்சம் வேறு இல்லை. காதருகே வைத்துப் பேசும்போதும் திரை அணையவில்லை என்றால், முகம் அருகில் வருவதை உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரைச் சந்தேகியுங்கள். திரையில் ஒட்டிய கிளாஸை நீக்கியும் மாறவில்லை என்றால் சர்வீஸ்.

## அறிகுறி 4: டார்க் மோட் போட்டேன், ஒன்றும் மிச்சமாகவில்லை

இதில்தான் எதிர்பார்ப்பு அதிகம், ஏமாற்றமும் அதிகம்.

திரை எல்சிடி என்றால்: மிச்சம் கிட்டத்தட்ட இல்லை. பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் குறைய ஸ்லைடரை இறக்குங்கள். 2007ல் பிளாக்கிள் என்ற கறுப்புத் தேடல் தளம், கறுப்புப் பக்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற எண்ணத்தில் பிரபலமானது. பழைய குழாய்த் திரைக்குப் பொருந்திய அந்தக் கணக்கு எல்சிடிக்குப் பொருந்தவில்லை.

திரை ஓஎல்இடி என்றால்: மிச்சம் உண்டு, எவ்வளவு என்பதை வெளிச்சம்தான் முடிவு செய்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ல் பல ஓஎல்இடி ஃபோன்களில் அளந்து வெளியிட்டார்கள். வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது டார்க் மோடுக்கு மாறினால் சராசரியாக 3 முதல் 9 சதவீத மின்சாரமே மிச்சம். வெளிச்சம் 100 சதவீதத்தில் இருந்தால் 39 முதல் 47 சதவீதம். வீட்டுக்குள் ஆட்டோ பிரைட்னஸில் பயன்படுத்துபவர் பெரிய மாற்றத்தை உணர மாட்டார். நாள் முழுக்க வெயிலில் அலைபவருக்கு டார்க் மோட் மெய்யாகவே கைகொடுக்கும்.

எண்ணியதற்கு மாறாக இன்னும் அதிகம் தீர்கிறது என்றால்: கறுப்புப் பின்னணியில் எழுத்து தெரியவில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறீர்களா? பலரும் தம்மை அறியாமல் செய்வது இது. டார்க் மோடில் உச்ச வெளிச்சத்தைவிட, வெள்ளைப் பின்னணியில் குறைந்த வெளிச்சம் பல நேரம் சிக்கனம். வால்பேப்பரையும் பாருங்கள், கறுப்பு மெனுவுக்குப் பின்னால் பளபளக்கும் நீல வானம் இருக்கும். ஓஎல்இடியில் அதிக மின்சாரம் கேட்பது நீலப் புள்ளிதான்.

## அறிகுறி 5: லேப்டாப்பில் வெளிச்சத்தைக் குறைக்கவே முடியவில்லை

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகோ புதிதாக விண்டோஸ் போட்ட பிறகோ வரும் பிரச்சினை. பிரைட்னஸ் ஸ்லைடர் காணாமல் போயிருக்கும், அல்லது நகர்த்தினாலும் திரை அசையாது.

வெளி மானிட்டர் இணைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். அந்த ஸ்லைடர் பெரும்பாலும் லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு மட்டும்தான். மானிட்டரின் வெளிச்சத்தை மானிட்டரின் பட்டனில்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். அங்கே கிராஃபிக்ஸ் கார்டின் பெயருக்குப் பதில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் சரியானதாக இல்லை. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய டிரைவரை இறக்கிப் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பெயர் சரியாகவே இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்பிப் பாருங்கள். அதே டிவைஸ் மேனேஜரில் 'மானிட்டர்ஸ்' பகுதியில் ஏதாவது முடக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள்.

ஸ்லைடர் நகர்கிறது, திரை மட்டும் அசையவில்லை, கணினி தொடங்கும் முன் வரும் பயோஸ் திரையிலும் வெளிச்ச விசைகள் வேலை செய்யவில்லை என்றால் விஷயம் விண்டோஸில் இல்லை. திரைக்குப் போகும் கேபிளோ பலகையோதான். லேப்டாப்பைத் திறக்க வேண்டியிருக்கும், அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

வெளிச்சம் தானாக ஏறி இறங்குகிறது என்றால்: திரையில் வரும் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதி அது. விண்டோஸ் 11ல் டிஸ்ப்ளே பக்கத்தில் பிரைட்னஸுக்கு அடியிலேயே இருக்கும். மிச்சம் தரும் வசதி என்பதால், படம், வீடியோ எடிட் செய்யாதவர்கள் 'பேட்டரியில் மட்டும்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அவசரத்துக்கு: விண்டோஸின் பேட்டரி சேவர் (விண்டோஸ் 11ன் புதிய பதிப்புகளில் 'எனர்ஜி சேவர்') போட்டால் திரை வெளிச்சம் 30 சதவீதம் இறங்கும். மேக்கில் பேட்டரி பக்கத்தின் ஆப்ஷன்ஸில், பேட்டரியில் ஓடும்போது திரையைச் சற்று மங்கலாக்கும் வசதி உண்டு.

## அறிகுறி 6: கணினித் திரை அணைவதில்லை, அணைந்தாலும் விழித்துக்கொள்கிறது

### அணையவே இல்லை

முதலில் ஸ்க்ரீன் சேவரை அணையுங்கள். பழைய குழாய்த் திரைகளில் தழும்பு விழாமல் இருக்க வந்தது அது, மின்சாரத்தை மிச்சப்படுத்தாது. கறுப்பு ஸ்க்ரீன் சேவர் போட்டுவிட்டு "அணைந்திருக்கு" என்று நம்புபவர்கள் உண்டு. எல்சிடியில் பின்விளக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கும். விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள், சாம்பல் ஒளி தெரிந்தால் எரிகிறது என்று பொருள்.

விண்டோஸில் சிஸ்டம், அதற்குள் பவர் பகுதியில் திரை அணையும் நேரமும் கணினி தூங்கும் நேரமும் தனித்தனி. தூக்கத்தை அணைத்து வைக்கக் காரணம் இருக்கலாம், ஏதாவது இறங்கிக்கொண்டிருக்கலாம். திரைக்கு அந்தக் காரணம் கிடையாது. மூன்று நிமிடம் வையுங்கள். மேக்கில் இது 'லாக் ஸ்க்ரீன்' பக்கத்தில் இருக்கிறது.

நேரம் சரியாக இருந்தும் அணையவில்லை என்றால் ஏதோ ஒரு நிரல் பிடித்து வைத்திருக்கிறது. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: 'பவர்' என்ற சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி, ஒரு இடைவெளி, முன்சாய்ந்த கோடு, அதோடு ஒட்டி 'ரிக்வெஸ்ட்ஸ்' என்ற சொல். என்டர் தட்டினால் பட்டியல் வரும். முதலில் 'டிஸ்ப்ளே' என்று இருக்கும். அதற்குக் கீழே 'நன்' என்று இருந்தால் யாரும் பிடிக்கவில்லை. ஒரு நிரலின் பெயர் இருந்தால் அதுதான் திரையைத் தூங்கவிடாதது. பெரும்பாலும் பாஸ் செய்துவிட்டு மறந்த வீடியோ உள்ள பிரவுசர், அல்லது முடிந்தும் மூடாத மீட்டிங். மேக்கில் 'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்து 'எனர்ஜி' தாவலில் 'ப்ரிவென்டிங் ஸ்லீப்' என்ற நெடுவரிசையில் 'யெஸ்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

### அணைந்து உடனே விழிக்கிறது

மவுஸைப் பாருங்கள். அலுவலகத்தில் ஒரு மானிட்டர் இரவெல்லாம் எரிந்தது. கேபிள் மாற்றினார்கள், மானிட்டரையே மாற்றினார்கள், எரிவது நிற்கவில்லை. ஒருநாள் மாலை எல்லாரும் போனபின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரை அணைந்தது, இருபது நொடியில் எரிந்தது. கர்சரை உற்றுப் பார்த்தால் ஒரு புள்ளி இடம், ஒரு புள்ளி வலம் என்று துடித்துக்கொண்டிருந்தது. அதே மேசையில் ஒரு டேபிள் ஃபேன். அதன் அதிர்வு மேசை வழியாக மவுஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. மவுஸைத் தலைகீழாகத் திருப்பி வைத்தோம், அன்று இரவு திரை அணைந்தே இருந்தது.

நிலையான தீர்வு வேண்டும் என்றால் அடியில் ஒரு நல்ல மவுஸ் பேட். தூக்கத்திலிருந்து கணினியே எழுந்தால், டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பண்புகளில் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில், கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்கு எடுக்க வேண்டாம், எழுப்ப ஒன்றாவது வேண்டும். மவுஸ் குற்றமற்றது என்றால் மானிட்டரின் மெனுவில் உள்ளீட்டைத் தானாகத் தேடும் வசதியை அணைத்து, உங்கள் கேபிள் எதில் இருக்கிறதோ அதை நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள். அதன்பிறகுதான் வேறு கேபிள்.

### லேப்டாப் மூடியும் எரிகிறது

மூடியைச் சாத்துவதற்குச் சற்று முன், ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தி ஓரமாகப் பாருங்கள். திரை இன்னும் எரிந்தால் பவர் செட்டிங்கைத் திறங்கள். மூடியபின் என்ன செய்ய வேண்டும் என்பது 'எதுவும் செய்யாதே' என்று இருந்தால் மாற்றுங்கள். அமைப்பு சரியாக இருந்தும் மூடியபின் பைக்குள் சூடாகிறது என்றால் மூடியில் உள்ள காந்தமோ அதை உணரும் சென்சாரோ கெட்டிருக்கிறது, சர்வீஸுக்குக் கொடுங்கள். அதுவரை பைக்குள் வைக்கும் முன் முழுவதும் ஷட்டவுன் செய்யுங்கள். மூடிய திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே சூடு தேங்குவது திரைக்கு நல்லதில்லை.

## அறிகுறி 7: டிவியில் பிரைட்னஸைக் குறைத்தேன், படம்தான் கெட்டது

காரணம் பெயர்க் குழப்பம். பல எல்சிடி டிவிகளில் 'பிரைட்னஸ்' என்ற பெயரில் இருப்பது கறுப்பின் ஆழத்தை மாற்றும் செட்டிங். அதைக் குறைத்தால் இருட்டுக் காட்சிகள் கறுத்துப் போகும், பின்விளக்கு அதே அளவில்தான் எரியும். மின்சாரம் குறைய வேண்டியது 'பேக்லைட்'. வேறு சில டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பதே பின்விளக்கு, கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்று தனிப் பெயர். ஓஎல்இடியில் 'ஓஎல்இடி லைட்', 'பிக்சல் பிரைட்னஸ்' என்று வரும்.

பெயரை நம்பாமல் இப்படிச் சோதியுங்கள். வெள்ளை அதிகமுள்ள ஒரு படத்தில் நிறுத்தி, அந்த செட்டிங்கைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். வெள்ளை நன்றாக மங்கினால் அதுதான் விளக்கு. வெள்ளை அப்படியே இருந்து, முடி, நிழல் போன்ற இருட்டுப் பகுதிகள் மட்டும் மறைந்தால் அது இல்லை, பழைய அளவுக்கே ஏற்றிவிடுங்கள். சுவர் ப்ளக்கில் செருகும் வாட் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, எண்ணே சொல்லிவிடும். அளக்கும்போது ஒரே படத்தில் நிறுத்தி வைத்து அளங்கள், காட்சி மாறினால் எண்ணும் மாறும்.

சிறிய கணக்கு ஒன்று. பேக்லைட்டைக் குறைத்து மீட்டரில் 40 வாட் இறங்கியது என்று வையுங்கள். நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் 200 வாட்-மணி. ஆண்டுக்கு 73 யூனிட். இதற்காகப் புதிதாக எதுவும் வாங்கவில்லை, ரிமோட்டில் நாலு முறை அழுத்தியதுதான்.

பாட்டு மட்டும் கேட்க டிவி ஓடுகிறது என்றால்: எனர்ஜி சேவிங் மெனுவில் 'ஸ்க்ரீன் ஆஃப்' அல்லது 'பிக்சர் ஆஃப்' என்று பல டிவிகளில் உண்டு. திரை அணைந்து ஒலி மட்டும் ஓடும். டிவியில் மின்சாரத்தின் பெரும்பங்கு திரைக்குத்தான் போகிறது, ஆகவே இது பெரிய மிச்சம்.

## அறிகுறி 8: குறைத்து வைத்தாலும் டிவி மறுபடி பளிச்சென்று ஆகிறது

சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே பளிச் நிலைக்குத் திரும்பினால், அல்லது திரையில் விளம்பர வாசகம் மிதந்தால், டிவி 'ஸ்டோர் மோட்'ல் மாட்டியிருக்கிறது. கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்க வைத்த நிலை அது. பொதுவான அமைப்புகளில் 'ஹோம் மோட்' என்று மாற்றுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்து, தொடக்கத்தில் கேட்கும்போது வீடு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு ஆப்பில் சரி, செட்டாப் பாக்ஸில் பளிச் என்றால்: பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கும் தனித்தனி பட அமைப்பை நினைவில் வைக்கும். எச்டிஆர் (வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் வகை) படங்களுக்கு இன்னொரு தொகுப்பு. ஒவ்வொன்றிலும் போய் மாற்ற வேண்டும், அல்லது 'எல்லா உள்ளீட்டுக்கும்' என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். எச்டிஆர் படம் ஓடும்போது பின்விளக்கு உச்சத்துக்குப் போவது இயல்பு.

பிக்சர் மோடை மாற்றியபின் ஏறியது என்றால்: 2016ல் அமெரிக்காவின் என்ஆர்டிசி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இதைப் பரிசோதித்து அறிக்கை வெளியிட்டது. பட அமைப்பை மாற்றியதும் சில டிவிகள் மின்சிக்கன வசதிகளைச் சொல்லாமலேயே அணைத்துவிட்டன. ஆகவே மோட் மாற்றிய ஒவ்வொரு முறையும் ஈகோ (மின்சிக்கன) பக்கத்தை மறுபடி திறந்து, லைட் சென்சாரும் மின்சிக்கனமும் இயங்குகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மோடில் 'விவிட்', 'டைனமிக்' வேண்டாம். 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா' வையுங்கள். முதல் ஓரிரு நாள் படம் மஞ்சளாகத் தெரியும், பிறகு பழைய நீலப் பளிச்சுதான் கண்ணைக் குத்தும்.

ரிமோட்டில் அணைத்தபின்னும் சுவர் ஸ்விட்சை அணைக்கலாமா என்று கேட்பார்கள். எல்சிடியில் தாராளமாக. ஓஎல்இடி டிவியில் உடனே வேண்டாம். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் அது திரையைச் சமப்படுத்தும் வேலையைச் செய்துகொள்கிறது. அதை எப்போதும் தடுத்தால் திரையில் தழும்பு தங்கும். ஓஎல்இடியில் 'குயிக் ஸ்டார்ட்' இருந்தால் அதை அணையுங்கள், அதுவே போதும்.

தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டிய இடம்: பேக்லைட்டை மாற்றினாலும் வெளிச்சம் மாறவே இல்லை, திரையில் ஒரு பகுதி மட்டும் இருண்டிருக்கிறது, நீல நிறம் படர்கிறது, ஒலி வருகிறது படம் இல்லை. இவை பின்விளக்குப் பட்டையோ பவர் போர்டோ கெட்டதன் அடையாளம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். எப்போதும் உச்சத்தில் எரியும் பட்டைதான் சீக்கிரம் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

## அறிகுறி 9: வெளிச்சத்தைக் குறைத்தால் கண் வலிக்கிறது

இது பிரமை இல்லை. பல திரைகள், முக்கியமாக ஓஎல்இடி, குறைந்த வெளிச்சத்தைக் காட்ட விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடும். சிலர் கண்ணுக்கு அந்தத் துடிப்பு தெரியாமலேயே தலைவலி தரும். வேறொரு ஃபோனின் கேமராவைத் திரையருகே பிடித்துப் பாருங்கள், வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடினால் இதுதான் காரணம்.

டிஸ்ப்ளே பக்கத்தில் 'டிசி டிம்மிங்' அல்லது துடிப்பைக் குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லை என்றால் வெளிச்சத்தைத் துடிப்பு தொல்லை தராத அளவில் நிறுத்தி, ஆண்ட்ராய்டின் 'எக்ஸ்ட்ரா டிம்' அல்லது ஐஃபோனின் 'ரெட்யூஸ் ஒயிட் பாயின்ட்' மூலம் படத்தை மட்டும் மங்கலாக்குங்கள். ஓஎல்இடியில் இதனாலும் மின்சாரம் குறையும். எல்சிடியில் குறையாது, கண்ணுக்கு மட்டுமே பயன். மானிட்டர் வாங்குவதாக இருந்தால் துடிப்பில்லாத பின்விளக்கு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வலி நீடித்தால் செட்டிங்கை விட்டுவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்று வருடக்கணக்கில் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போன ஒருவருக்கு, வேண்டியிருந்தது கண்ணாடி. போட்ட அன்றே ஸ்லைடரைப் பாதிக்கும் கீழே இறக்கினார்.